ஜெபம் கேக்கப்படாத கதை ஒண்ணு குடுங்க

கிறிஸ்தவக் கதைப் புத்தகம்னு சொன்னாலே எனக்கு கடைசிப் பக்கம்தான் ஞாபகம் வரும். குடிகாரப் புருஷன் பாட்டில தூக்கிப் போட்டுட்டு முழங்கால் போடுவான், இல்லன்னா ஓடிப்போன பையன் கிறிஸ்மஸ் ராத்திரி வந்து கதவத் தட்டுவான், இல்லன்னா டாக்டரு கைவிட்ட கேஸுல மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாத்தா கட்டியையே காணோம். அட்டைப் படத்தப் பாத்தே இது பாட்டில் கதையா, பையன் கதையா, கட்டி கதையான்னு எங்க சர்ச் பசங்க கரெக்டா சொல்லிடுவாங்க. பந்தயம் கட்டி ஜெயிச்சும் இருக்காங்க.

சர்ச் லைப்ரரி பொறுப்பு ரொம்ப நாளா என்கிட்டதான் இருக்கு. லைப்ரரின்னா பெருசா நெனச்சிடாதீங்க, ஒரு ஸ்டீல் பீரோ, அதுல பாதி விபிஎஸ் (லீவுல புள்ளைங்களுக்கு நடத்தற பைபிள் வகுப்பு) சார்ட்டும் பழைய கேரல் பாட்டுப் புக்கும்தான். மீதி கதைப் புத்தகம். எடுத்துட்டுப் போறவங்க திருப்பிக் குடுக்கும்போது "நல்லா இருந்துச்சு சிஸ்டர்"னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அவ்ளோதான். அதே ஆளுங்க டிவி சீரியல் பத்தி அரைமணி நேரம் சண்டை போடுவாங்க, எவ செஞ்சது தப்பு, எவன் சொன்னது சரின்னு. படிச்ச கதையப் பத்தி ஒருத்தரு கூட சண்டை போட்டதில்ல. அதனால நானே கேக்க ஆரம்பிச்சேன், என்ன பிடிக்கல, எந்த எடத்துல மூடி வச்சீங்கன்னு. கேட்டா எல்லாரும் சொல்றாங்கப்பா, ஆனா கேட்டாதான் சொல்றாங்க, ஏன்னா கிறிஸ்தவப் புத்தகத்தக் குறை சொல்றது ஊழியத்தையே குறை சொல்ற மாதிரின்னு ஒரு பயம்.

எங்க சர்ச்சுல ஒரு ரிட்டயர்ட் நர்ஸ் அக்கா இருக்காங்க, சர்வீஸ் பூரா வார்டு டூட்டிதான். ஒரு புக்க எடுத்த வேகத்துல திருப்பிக் குடுத்தாங்க. "இன்னாக்கா, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா"ன்னேன். "முடிக்கல. அவ முழங்கால் போட்டதும் மூடிட்டேன். அதுக்கப்பறம் இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா"ன்னாங்க. சொல்லிட்டு போயிடல, சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. நைட் டூட்டில ஒரே நேரத்துல மூணு பெட்டு பக்கத்துல மூணு குடும்பம் ஜெபம் பண்ணிகினு இருக்குமாம், ஒண்ணு தமிழ்ல, ஒண்ணு தெலுங்குல, ஒண்ணு பெங்காலில. விடியறப்ப ஒரு பெட்டு காலியா இருக்கும். "எது காலியாவும்னு ஜெபத்த வச்சி சொல்ல முடியாதுடி. நல்லா ஜெபம் பண்ண வூட்டு பெட்டும் காலியாயிருக்கு, சாமியே இல்லன்னு திட்டிகினு இருந்த ஆளு எழுந்து நடந்து போயிருக்கான். பெட்டு காலியானவ அடுத்த ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போனாளா? போனா இன்னா பாட்டு பாடனா? வாயத் தொறந்தாளா, சும்மா நின்னாளா? அத்த எவனாவது எழுதிகீறானா?"

எழுதல. நான் பீரோவ முழுசா துழாவிட்டேன், எழுதல.

இத்தனைக்கும் இது வேலூரு. காத்துகினு இருக்கறதுதான் இந்த ஊரு தொழிலே. சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிர்ல காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போனீங்கன்னா பெங்காலில போர்டு வச்ச மெஸ்ஸு, மீன் கொழம்பு வாசனை, லாட்ஜ் வாசல்ல பாய் விரிச்சு உக்காந்திருக்கற குடும்பம், கைல பிளாஸ்டிக் கவர்ல சுருட்டின எக்ஸ்ரே. ரயில்ல ரெண்டு நாள் வந்து காட்பாடில எறங்கி, ரிசல்ட் வர வரைக்கும் ரூம்ல ஸ்டவ் வச்சு சமைச்சு சாப்பிட்டுட்டு, நெலத்த வித்த காசு எத்தன நாள் தாங்கும்னு கணக்கு போட்டுட்டு இருப்பாங்க. ஒரு நாவலாசிரியனுக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்? ஆனா நம்ம கதைங்கள்ல ஆஸ்பத்திரின்னா ரெண்டு பாரா. அட்மிட், ஜெபம், டிஸ்சார்ஜ். அந்தக் காத்திருக்கற நேரத்துல மனுஷன் மனசு எப்டியெல்லாம் போகுது, தேவன்கிட்ட பேரம் பேசுது, பக்கத்து பெட்டுக்காரன் பொழச்சிட்டானேன்னு பொறாமப்படுது, அதெல்லாம் எழுதினா விசுவாசக் குறைவுன்னு எடிட்டர் வெட்டிடுவாரு போல.

ஆனா இந்த ஆஸ்பத்திரியோட கதையே எப்டி ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ஐடா ஸ்கடர் அம்மா கதை வேலூர்ல சண்டே ஸ்கூல் புள்ளைங்களுக்கு மனப்பாடம். 1870ல நம்ம ராணிப்பேட்டைல பொறந்தவங்க, மிஷனரி டாக்டரோட பொண்ணு. 1890கள்ல திண்டிவனத்துல அப்பா அம்மாகூட இருந்தப்ப, ஒரே ராத்திரில மூணு பேர் அடுத்தடுத்து வந்து கதவத் தட்டறாங்க, ஒரு பிராமணர், ஒரு இஸ்லாமியர், அப்பறம் இன்னொரு இந்துக் குடும்பத்து ஆளு. மூணு பேர் வீட்லயும் பிரசவ வலி. ஆம்பள டாக்டர் வேணாம், நீங்க வாங்கன்னு கேக்கறாங்க. இந்தம்மா அப்ப டாக்டர் இல்ல, ஒண்ணும் செய்ய முடியல. காலைல பாத்தா மூணு பெண்களும் செத்துட்டாங்க. அதுக்கப்பறம்தான் அமெரிக்கா போயி டாக்டருக்குப் படிச்சு, 1900ல வேலூர்ல ஒரே ஒரு பெட்டோட ஆரம்பிச்சு, 1902ல 40 பெட்டு ஆஸ்பத்திரி, 1918ல பெண்களுக்கான மெடிக்கல் ஸ்கூல்னு வளந்துச்சு.

ஒரு ராத்திரி, மூணு சாவு, ஒரு அற்புதமும் நடக்கல. இத கதையா எழுதி நம்ம பத்திரிகைக்கு அனுப்பினா, மூணுல ஒருத்தியாவது பொழைக்கற மாதிரி மாத்தி எழுதுங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்கன்னு எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கு.

இன்னொண்ணு. அந்த மூணு பெண்களுக்கு நான் கேட்ட எந்தப் பிரசங்கத்துலயும் பேரு கிடையாது. சாகறதுக்குன்னே வந்துட்டுப் போறாங்க. மிஷன் கதைங்கள்ல இது ஒரு வழக்கமாவே ஆயிடுச்சு, வெள்ளக்காரங்களுக்கு மனசு, கொழப்பம், கண்ணீர், லெட்டர் எல்லாம் இருக்கும், நம்ம ஆளுங்க இரட்சிக்கப்படறதுக்காக வரிசைல நிப்பாங்க. எங்க பக்கம் ஊழியம் செஞ்ச ஆற்காடு மிஷன் 1853ல ஆரம்பிச்சது, அன்னிலேந்து ஊர் ஊரா நடந்தே போயி வேதம் சொல்லிக் குடுத்த நம்ம ஊரு பைபிள் உமன்கள் எத்தன பேரு, உபதேசியார்கள் எத்தன பேரு, மத்தியான வெயில்ல ஒரு சேரிலேந்து இன்னொரு சேரிக்கு நடந்தப்ப கால்ல செருப்பு இருந்துச்சா, ஊர்த் தெரு வழியா போக விட்டாங்களா, சம்பளம் லேட்டான மாசம் என்ன சாப்பிட்டாங்க? எங்க பாட்டி காலத்துக் கதைங்கள்ல அவங்க வருவாங்க. புக்குல வரமாட்டாங்க. எனக்கு திண்டிவனத்துல செத்துப்போன அந்த மூணாவது பொண்ணோட மாமியார் கண்ணு வழியா ஒரு நாவல் வேணும். யாராவது எழுதுங்க, பீரோல மொத தட்டு காலி பண்ணி வைக்கறேன்.

இப்டியெல்லாம் எழுதினா விசுவாசத்துக்குக் கெடுதல் வந்துடும்னு சொல்றவங்க பைபிள எப்டி படிக்கறாங்கன்னு எனக்கு நெஜமாவே புரியல. நம்ம பைபிள்ல இருக்கற எஸ்தர் புத்தகத்துல தேவனோட பேரே ஒரு எடத்துலயும் வராது. அத ஒரு மேனுஸ்கிரிப்டா இன்னிக்கு அனுப்பிப் பாருங்களேன். 88ஆம் சங்கீதம் கடைசி வசனம் வரைக்கும் விடியவே விடியாது, இருட்டுலயே முடியும். யோனா கதைல மீன எல்லாருக்கும் தெரியும், முடிவு எத்தன பேருக்குத் தெரியும்? ஆமணக்குச் செடி காஞ்சுபோச்சுன்னு வெயில்ல உக்காந்து செத்துடறேன்னு கோவமா இருக்கான் (வேலூர் மே மாசத்துல கரண்ட் போனப்ப இந்த அதிகாரத்தப் படிங்க, யோனா பக்கம் நியாயம் இருக்கற மாதிரியே தெரியும்), தேவன் அவன்கிட்ட ஒரு கேள்வி கேக்கறாரு, லட்சத்து இருபதாயிரம் பேருக்கு மேல இருக்கற ஊருக்காக நான் பரிதபிக்கக் கூடாதான்னு. அதோட புக்கு முடிஞ்சுது. யோனா பதில் சொன்னானா, எழுந்து வீட்டுக்குப் போனானா, ஒண்ணும் தெரியாது. கெட்ட குமாரன் கதையும் அப்டிதான். வீட்ட விட்டுப் போன சின்னவன் திரும்பி வந்த எடத்துல நம்ம பிரசங்கம் முடிஞ்சுடுது, ஆனா கதை அங்க முடியல, பெரியவன் வாசல்ல மொறச்சுட்டு நிக்கறான், அப்பா வெளிய வந்து வருந்திக் கூப்புடறாரு. உள்ள போனானான்னு இயேசு சொல்லவே இல்ல. கேட்டுட்டு இருந்த பரிசேயர்கள அந்த வாசல்லயே நிக்க வச்சிட்டாரு.

தாவீது ராஜாகிட்ட நாத்தான் தீர்க்கதரிசி போனத நெனச்சுப் பாருங்க. அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்துக்கிட்டியேன்னு மொத வரிலயே ஆரம்பிச்சிருந்தா தல இருந்திருக்குமா? ஒரு ஏழை, அவன்கிட்ட ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அது அவன் சாப்பாட்டுலயே சாப்பிட்டு அவன் மடிலயே தூங்கும், அத ஒரு பணக்காரன் புடுங்கி சமைச்சுட்டான்னு சும்மா ஒரு கதையா சொல்றாரு. ராஜா கோவப்பட்டு எழுந்ததுக்கு அப்பறம்தான் "நீயே அந்த மனுஷன்". நம்ம எழுத்தாளருங்க பக்கத்துக்குப் பக்கம் "நீயே அந்த மனுஷன்"னு சொல்லிட்டே இருக்காங்க, ஆட்டுக்குட்டியக் காணோம்.

ஏன் இப்டின்னு யோசிச்சப்ப எனக்குப் பட்டது இதான். இந்தப் புத்தகங்கள வாங்கறவங்க வேற, படிக்கறவங்க வேற. கன்வென்ஷன் புக் ஸ்டால்ல பாருங்க, பாஸ்டருங்க கட்டா வாங்குவாங்க, சண்டே ஸ்கூல் பரிசுக்கு, திடப்படுத்தல் எடுத்து சர்ச்சுல முழு அங்கத்தினர் ஆகற புள்ளைங்களுக்கு, கல்யாண வீட்ல குடுக்க. வாங்கறவங்க பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான், தப்பா எதுவும் இருக்கக் கூடாது. எழுதறவங்களும் அவங்களுக்காகவே எழுதறாங்க. படிக்கப்போற பதினாறு வயசுப் பொண்ணுக்கு என்ன கேள்வி இருக்குன்னு யாருக்கும் கவலை இல்ல. அவ பரிசு வாங்கி போட்டோ எடுத்துட்டு, வீட்ல ஷோகேஸ்ல வச்சிட்டு, போன்ல ஆமிஷ்னு, பழைய காலத்து மாதிரியே வாழற கிறிஸ்தவக் கூட்டத்துப் பொண்ணுங்க குதிரவண்டில போற இங்கிலீஷ் நாவல் படிச்சிட்டு இருப்பா. அமெரிக்காவுல எங்கயோ இருக்கற அந்தப் பொண்ணுக்காவது ரெண்டு பசங்கள்ல யாரக் கட்டறதுன்னு ஒரு கொழப்பம் இருக்கே.

அடுத்தது, இத சொன்னா சில பேருக்கு வருத்தமா இருக்கும். கதைல வர வில்லன். பக்கத்து வீட்டுக்காரர், நெத்தில பட்ட, பில்லி சூனியம் வைப்பாரு, இல்லன்னா மாமியார், மருமக பைபிளக் கிழிச்சு அடுப்புல போடும். என்கூட ஆபீஸ்ல வேல செய்யற ஒரு தோழி, இந்து, கதைப் புத்தகம்னா எதுவா இருந்தாலும் படிக்கும். ஒண்ணு எடுத்துட்டுப் போச்சு. திருப்பிக் குடுக்கும்போது கோவம்லாம் இல்ல, சிரிச்சுட்டே கேட்டுச்சு, "எங்கள்ல ஒருத்தரு கூட நல்லவங்க இல்லையாடி?" நான் என்ன சொல்றது? எங்க லைன் வீட்ல எங்கம்மாவுக்கு டைபாய்டு வந்தப்ப ரெண்டு வாரம் கஞ்சி வச்சுக் குடுத்தது எதிர்வீட்டு பாயம்மா, ராத்திரி ஆட்டோ புடிச்சு ஓடனது மாலை போட்டிருந்த ஐயப்ப சாமி. வேலூர் கோட்டைக்குள்ள போனா கோயிலும் சர்ச்சும் மசூதியும் ஒரே சுத்துச் சுவருக்குள்ள இருக்கு. இங்க வாழறவங்களோட நெஜமான சிக்கல் கொடுமக்காரப் பக்கத்து வீடு இல்ல, ரொம்ப நல்ல பக்கத்து வீடுதான். அந்தப் பாயம்மா பரலோகம் போவாங்களா மாட்டாங்களான்னு சின்ன வயசுல எங்க டீச்சர்கிட்ட கேட்டேன், டீச்சர் கைவேலய எடுங்கன்னுட்டாங்க. அந்தக் கேள்விய தூக்கிட்டுத் திரியற ஒரு கேரக்டரக் கூட நம்ம கதைல நான் பாக்கல.

பேச்சு பத்தி சுருக்கமா சொல்லிடறேன். குடியாத்தத்துல தறி ஓட்டறவன் "கர்த்தர் எனக்குச் செய்த நன்மைகளை நான் எவ்விதம் மறப்பேன்"னு பொண்டாட்டிகிட்ட பேச மாட்டான். "இன்னாடி, கொயம்பு கீதா"ன்னுதான் கேப்பான், ஜெபம் பண்ணும்போது மட்டும் அவனே பழைய பைபிள் தமிழுக்கு மாறுவான். அந்த மாறுற எடத்த அப்டியே புடிச்சு எழுதினாலே எவ்ளோ சொல்லிடலாம்.

எழுதப்படாம கெடக்கறது எக்கச்சக்கம். சாதி சர்டிபிகேட்ட எடுத்துக்கங்க. 1950ல வந்த ஜனாதிபதி உத்தரவுப்படி பட்டியல் சாதின்னா இந்துவா இருக்கணும், அப்பறம் 1956ல சீக்கியர்கள சேத்தாங்க, 1990ல பௌத்தர்கள சேத்தாங்க, கிறிஸ்தவங்கள இன்னும் சேக்கல. தமிழ்நாட்டுல மதம் மாறின ஆதிதிராவிடர் பிசி லிஸ்ட்டுல வருவாங்க. அதனால என்ன ஆகுதுன்னு எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. எஸ்சி சலுகை போயிடக் கூடாதுன்னு சர்ச்சுல ஒரு பேரு, ஸ்கூல் டிசில ஒரு பேரு. ஞானஸ்நானம் குடுக்கும்போது ஆயர் கூப்புட்ட பேர இண்டர்வியூல யாராவது கூப்புட்டா திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு புள்ளைக்குச் சொல்லித் தர அப்பா. அந்த அப்பா ஞாயித்துக்கெழம பீடத்துக்குப் பக்கத்துல நின்னு வேதம் வாசிக்கறாரு, இயேசுவத் தெரியவே தெரியாதுன்னு பேதுரு மறுதலிச்ச பகுதி. எழுதுங்களேன் சார். எந்தப் பக்கமும் சாயாம, அவரத் திட்டாம, அவருக்கு வக்காலத்தும் வாங்காம.

சிரிப்பும் கிடையாது, அது இன்னும் பெரிய கொற. அறுப்பின் பண்டிகைல காணிக்கையா வந்த காய், கோழிய சர்ச்சுலயே விடற ஏலத்த ஒரு தடவ பாத்தவங்களுக்குத் தெரியும். ஒரு பரங்கிக்காய். மார்க்கெட்ல அம்பது ரூபா. கமிட்டி எலக்ஷன்ல தோத்தவரு ஐநூறுன்னு ஆரம்பிப்பாரு, ஜெயிச்சவரு ஆயிரம்பாரு. ஏலம் விடறவரு மைக்க ரெண்டு பேர் நடுவுல மாத்தி மாத்தி நீட்டி, "ஐயா ஆயிரம், கர்த்தருக்கு ஆயிரம்தானா"ன்னு ஏத்தி விடுவாரு. ரெண்டு பேரோட வீட்டுக்காரம்மாவும் பொம்பளைங்க பக்கத்துலேந்து கண்ணாலயே மெரட்டுவாங்க. கடைசில மூவாயிரத்துக்கு எடுத்தவரு காய மடில வச்சுட்டு உக்காந்திருப்பாரு, அவருக்கு சுகர், சாப்பிடவும் முடியாது. அடுத்ததா சேவல் வரும், அது கால் கட்ட அவுத்துட்டு பீடத்துக்குள்ள ஓடும். காணிக்கை, பகை, பக்தி, வீம்பு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல இருக்கு. இத கிண்டலா எழுதினா தேவதூஷணம்னு நெனைக்கறவங்களுக்கு, பரமார்த்த குரு கதை எழுதினது வீரமாமுனிவர்ங்கற பாதிரியார்தான்னு ஞாபகப்படுத்தறேன், அதுவும் 18ஆம் நூற்றாண்டுல. முட்டாள் குருவையும் அவரு சீஷங்களையும் வச்சு ஒரு குருவானவரே சிரிச்சிருக்காரு, யாரு விசுவாசமும் கெட்டுப்போகல.

நம்மால முடியாதுன்னும் சொல்ல முடியாது. தமிழ்ல மொத நாவலே ஒரு கிறிஸ்தவரு எழுதினதுதான், மாயூரம் வேதநாயகம் பிள்ளை, பிரதாப முதலியார் சரித்திரம், 1879. அதுலயும் புத்திமதி ஏராளம், ஆனா ஞானாம்பாள்னு ஒரு பொண்ணு ஆம்பள வேஷத்துல ராஜாவாவே ஆயிடுவா, படிக்க ஜாலியா இருக்கும். 1964ல ஹெப்சிபா ஜேசுதாசன் புத்தம் வீடு எழுதினாங்க, கன்னியாகுமரி பக்கத்து கிறிஸ்தவக் குடும்பம், வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள்ளயே அடைச்சு வைக்கற லிஸி, அவ மனசுக்குள்ள நடக்கறது. யாரையும் திருத்தணும்னு அந்தப் புக்கு நிக்காது. 1994ல இமையம் எழுதின கோவேறு கழுதைகள்ல வர ஆரோக்கியம், சேரிக்குத் துணி வெளுக்கற கத்தோலிக்கப் பொம்பள, அவளோட அந்தோணியார் மேல இருக்கற பக்தி மாதிரி ஒரு பக்தி நான் எந்த ஊழியப் புத்தகத்துலயும் படிச்சதில்ல. இதெல்லாம் கன்வென்ஷன் ஸ்டால்ல இருக்காது. கேட்டா, "அது இலக்கியம் சிஸ்டர், நம்மளுது கிறிஸ்தவம்"னு ஒரு ஸ்டால்காரரு என்கிட்ட சொன்னாரு. கடைசியா சொன்ன ரெண்டு புக்கையும் சொந்தக் காசுல வாங்கி பீரோல வச்சேன். கோவேறு கழுதைகள நர்ஸ் அக்கா மூணு வாரமா திருப்பித் தரல. கேட்டா, ஆரோக்கியம் மேல கோவமா இருக்கேன், இப்பக் கேக்காதன்னாங்க. கதைய படிச்சிட்டு சண்டைக்கு வந்த மொத ஆளு.

எங்க சர்ச்சுல காலேஜ் படிக்கற பொண்ணு ஒண்ணு, சர்ச் பத்திரிகைக்கு ஒரு கதை எழுதிக் குடுத்திருக்கு. கொயர்ல டெனார் பாடற ஒருத்தரு, பொண்டாட்டி செத்ததுக்கப்பறம் சர்ச்சுக்கு வரத நிறுத்திட்டாரு. சண்டை ஒண்ணும் இல்ல, யாரு மேலயும் கொறயும் இல்ல, வரல, அவ்ளோதான். ஆனா சர்ச்சு மைக் செட்டு ரிப்பேர்னா மட்டும் சனிக்கெழம சாயங்காலம் வந்து சால்டரிங் வச்சு சரி பண்ணிட்டு, "டெஸ்டிங், டெஸ்டிங்"னு காலி பெஞ்சுங்களப் பாத்து சொல்லிப் பாத்துட்டு போயிடுவாரு. கமிட்டில படிச்சிட்டு, கதை நல்லாருக்கு, ஆனா முடிவு இல்ல, ஈஸ்டருக்காவது அவர சர்ச்சுக்கு வர வைங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது என்கிட்ட வந்து என்ன ஆன்ட்டி பண்றதுன்னு கேட்டுச்சு, நீயே யோசின்னு சொன்னேன். போன வாரம் திருத்திக் குடுத்துடுச்சு. ஈஸ்டருக்கு வராரு. ஆராதனை நடுவுல மைக்கு கொய்னு கத்துது, ஆளு அனுப்பிக் கூப்புடறாங்க, வந்து ஒயர மாத்தறாரு, கொயர் பாட்டு முடியற வரைக்கும் ஆம்ப்ளிபயர் பக்கத்துலயே நிக்கறாரு, பிரசங்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கெளம்பிடறாரு. கமிட்டி கேட்டது கேட்ட மாதிரியே இருக்கு. இன்னும் பதில் வரல.